ஆட்டோவுக்குத் தெரியாதது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு அப்பா பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றை, அதோடு சேர்த்தே விற்கும் 18-55 மி.மீ. கிட் லென்ஸோடு வாங்கியிருக்கிறார். பள்ளி ஆண்டு விழாவில் மகளின் பரதநாட்டியத்தை எட்டாவது வரிசையில் உட்கார்ந்து ஆட்டோ மோடில் எடுத்திருக்கிறார். பெரும்பாலும் கலங்கல். பக்கத்து இருக்கைக்காரர் ஃபோனில் எடுத்தது இதைவிடப் பளிச்சென்று இருக்கிறது. அடுத்த மாதம் இன்னொரு நிகழ்ச்சி வருகிறது. கேமராவில் கோளாறா, மேனுவலுக்கு மாற வேண்டுமா, வேறு கேமரா வாங்க வேண்டுமா, முதலில் இந்தக் கேமரா எப்படித்தான் வேலை செய்கிறது என்று கேட்கிறார்.

கேமராவில் கோளாறு இருக்கும் என்று தோன்றவில்லை. அரங்கில் இருந்த வெளிச்சத்தை ஆட்டோ மோடு ஓரளவு ஒழுங்காகவே அளந்திருக்கும். மேடையில் ஒரு பெண் ஆடிக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அசையாத நாற்காலிக்கும் ஆடும் பெண்ணுக்கும் அது ஒரே கணக்கைத்தான் போடும்.

கெட்டுப்போன படம் ஒன்றைக் கணினியில் திறந்து நூறு சதவீதம் பெரிதாக்குங்கள். மகளை விட்டுவிட்டு, பின்னால் தொங்கும் பள்ளி பேனரைப் பாருங்கள். பேனர் எழுத்து தெளிவாக இருந்து, மகளின் கையும் சலங்கைக் காலும் மட்டும் கரைந்திருந்தால், அவள் ஆடிய வேகத்துக்கு ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடத் திறந்து மூடும் திரை, ஈடுகொடுக்கவில்லை. எழுத்து, தூண், முகம் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. ஸ்டுடியோக்காரர்கள் ‘ஷேக்’ என்பார்கள். முன்வரிசைத் தலையோ மைக் ஸ்டாண்டோ ஷார்ப்பாக இருந்து மேடை முழுக்க மங்கல் என்றால் ஃபோகஸ் வேறெங்கோ போய் உட்கார்ந்திருக்கிறது. மூன்றும் சின்னத் திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும். சரிசெய்யும் வழி மூன்றுக்கும் வேறு வேறு. உங்களுடையது பெரும்பாலும் முதல் வகையாக இருக்கும். ஏன் என்று கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

சரி, கேமராவுக்கு வருவோம். அது ஓர் இருட்டுப் பெட்டி, அதில் ஒரு துளை, அவ்வளவுதான். லென்ஸ்கூடக் கட்டாயம் இல்லை. ஓட்டு வீட்டில் கூரையின் சின்னச் சந்து வழியாக வரும் வெயில் தரையில் வட்டமாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். சந்து கோணல்மாணலாக இருந்தாலும் கீழே வட்டம்தான். ஏனென்றால் தரையில் தெரிவது சந்தின் வடிவம் இல்லை, சூரியனின் படம். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், திருச்சி வழியாக வளையச் சூரிய கிரகணம் கடந்துபோனபோது, மரத்தடியில் இலைகளுக்கு நடுவே விழுந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் வளையம் வளையமாக மாறின. ஒவ்வொரு இலைச் சந்தும் அன்று ஒரு கேமராவாக வேலை பார்த்தது.

ஒளி நேர்கோட்டில் போவதால் இது நடக்கிறது. சின்னத் துளை என்றால், காட்சியின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி எதிர்ச்சுவரில் ஏதோ ஓர் இடத்தில் மட்டும் விழும். படம் தலைகீழாக, ஆனால் தெளிவாக இருக்கும். என்ன, வெளிச்சம்தான் போதாது. துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், ஒரு புள்ளியின் ஒளி நாலு இடத்தில் பரவிப் படம் குழம்பும். இந்தச் சிக்கலை அவிழ்க்க வந்ததுதான் லென்ஸ். பெரிய துளை வழியாக வரும் ஒளியையெல்லாம் வளைத்து, மறுபடி ஒரே புள்ளியில் சேர்க்கிறது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தில் இருப்பதை மட்டும்தான் அப்படிச் சரியாகச் சேர்க்க முடியும். அந்தத் தூரத்தைத் தேர்ந்தெடுப்பதற்குப் பெயர்தான் ஃபோகஸ்.

அந்தத் துளைதான் அப்பர்ச்சர். உங்கள் லென்ஸின் முகப்பில் 3.5-5.6 என்று போட்டிருக்கும். அது ஒரு வகுத்தல் கணக்கு. லென்ஸின் குவியத்தூரத்தை (18, 55 என்று மி.மீ.யில் போட்டிருக்கும் எண்) துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். அதனால்தான் எண் கூடக்கூடத் துளை சின்னதாகிறது. 18-இல் வைத்தால் உங்கள் லென்ஸ் 3.5 வரை திறக்கும். மேடையைக் கிட்டத்தில் கொண்டுவர 55-க்கு ஜூம் செய்த உடனே 5.6-க்கு மேல் திறக்காது. அந்த இடத்தில் துளையின் விட்டம் சுமார் 10 மி.மீ. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டால் அதே துளை சுமார் 28 மி.மீ. படம் பதியும் சென்சாருக்குப் போகும் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். இரண்டு லென்ஸையும் பக்கத்தில் வைத்து உள்ளே பார்த்தால் இது கண்ணாலேயே தெரியும்.

1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று அந்த எண்கள் போவதைப் பார்த்து மிரள வேண்டாம். ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் பாதியாகிறது. பரப்பு பாதியாக விட்டத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும். எண்கள் விநோதமாக இருப்பதற்கு அதுதான் காரணம். ஒரு படிக்கு ஒரு ஸ்டாப் என்று பெயர். அடுத்து வரும் ஷட்டரிலும் ஐஎஸ்ஓவிலும் இதே ஸ்டாப் கணக்குதான் என்பதால் இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்வது நல்லது.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். மோடு டயலை, நிக்கான் என்றால் ‘ஏ’, கேனான் என்றால் ‘ஏவி’யில் வைத்து எஃப் 16 கொடுங்கள். விளக்கு மங்கலான அறையில் லென்ஸின் முகப்பை உங்கள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். உள்ளே இருக்கும் இதழ்கள் சட்டென்று குவிந்து துளை ஒரு பொட்டளவு ஆவதையும், சற்றுப் பொறுத்துத் திரும்ப விரிவதையும் பார்க்கலாம். டிஎஸ்எல்ஆரில் படம் எடுக்கும் அந்தக் கணம் மட்டும்தான் துளை குவியும். மற்ற நேரமெல்லாம் முழுக்கத் திறந்தே இருக்கும், நீங்கள் வியூஃபைண்டரில் பார்ப்பதற்காக. லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும் கண்ணாடிதான் காட்சியை மேலே வியூஃபைண்டருக்கு அனுப்புகிறது. பட்டனை அழுத்தியதும் அது மேலே மடங்குகிறது, பின்னால் ஷட்டர் திறந்து மூடுகிறது, கண்ணாடி இறங்குகிறது. உங்களுக்குக் கேட்கும் ‘டக்’ இத்தனையும் சேர்ந்த சத்தம். மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி கிடையாது. சென்சார் பார்ப்பதையே திரையில் நீங்களும் பார்க்கிறீர்கள். உங்கள் தேவைக்கு அது பெரிய வித்தியாசமில்லை.

இனி ஷட்டர் ஸ்பீடு. சென்சாருக்கு எவ்வளவு நேரம் வெளிச்சம் காட்டுகிறோம் என்பது. 1838-இல் லூயி தாகெர் பாரிஸில் புல்வார் து தாம்ப்ள் என்ற தெருவை மேலே ஒரு ஜன்னலிலிருந்து படம் எடுத்தார். ஆளும் வண்டியுமாக இருக்கும் தெரு, படத்தில் வெறிச்சென்று கிடக்கிறது. அன்றைய தகட்டுக்குப் பல நிமிட வெளிச்சம் வேண்டியிருந்ததால் நகர்ந்தவர் யாருமே பதியவில்லை. ஓரத்தில் நின்று பூட்ஸைப் பாலிஷ்காரரிடம் காட்டிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் தெளிவாகத் தெரிகிறார். அவர் அசையாமல் நின்றதால் தப்பினார். உங்கள் மகளின் கைக்கு நடந்ததும் அதேதான், நிமிடங்களுக்குப் பதில் முப்பதில் ஒரு விநாடியில்.

மூன்றாவது ஐஎஸ்ஓ, குறைந்த வெளிச்சத்துக்கு ஈடுகொடுக்கும் எண். ஃபிலிம் காலத்தில் இது ரோலோடு வந்தது. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இண்டு’ ஃபிலிம் போட்டுப் பழகிய பெரியவர்கள் இன்னமும் ஏஎஸ்ஏ என்றுதான் சொல்வார்கள். நூறு போட்டுவிட்டால் அந்த ரோல் முடியும்வரை நூறுதான். இப்போது ஒவ்வொரு படத்துக்கும் மாற்றலாம். ஆனால் ஐஎஸ்ஓவைக் கூட்டினால் சென்சாருக்கு வெளிச்சம் ஒன்றும் கூடுவதில்லை. வந்த கொஞ்ச வெளிச்சத்தின் மின் சமிக்ஞையைக் கேமரா பெருக்கிக் காட்டுகிறது, சரியாக எடுக்காத ரேடியோ ஸ்டேஷனின் வால்யூமைக் கூட்டுவதுபோல. இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகும். நிழல்களில் தெரியும் அந்தப் புள்ளிகளுக்கு ஐஎஸ்ஓவைத் திட்டுவார்கள். உண்மையான காரணம் வெளிச்சப் பஞ்சம். ஐஎஸ்ஓவைக் கூட்டப் பயந்து இருட்டாக எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கணினியில் வெளுக்க வைத்தால் பழைய கேமராக்களில் புள்ளி இன்னும் மோசமாகத்தான் வரும்.

இப்போது உங்கள் அரங்கின் கணக்கு. சாதாரணப் பள்ளி மேடையில் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 1/250 விநாடி என்றால் ஓரளவு சரியான எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு வேண்டிய வெளிச்சம், கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம்; இதற்குப் பக்கத்தில்தான் பல அரங்குகள் இருக்கும். உங்கள் லென்ஸ் 55-இல் 5.6-க்கு மேல் திறக்காது. 2.8-லிருந்து 4, 4-லிருந்து 5.6, இரண்டு ஸ்டாப் நஷ்டம். அதை ஈடுகட்ட ஷட்டர் 1/125, பிறகு 1/60 என்று இறங்க வேண்டும். பல பழைய கேமராக்கள் ஆட்டோவில் ஐஎஸ்ஓ 1600-ஐத் தாண்டத் தயங்கும். அதில் இன்னொரு ஸ்டாப் போகிறது. வந்து நிற்கும் இடம் 1/30. முப்பதில் ஒரு விநாடியில் நாட்டியக்காரியின் கை பல சென்டிமீட்டர் போய்விடும். பேனர் எழுத்து தெளிவாக இருக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

அதே இடத்தில் எஃப் 1.8 லென்ஸை எஃப் 2-இல் வைத்தால் 5.6-லிருந்து மூன்று ஸ்டாப் மேலே வரலாம். ஐஎஸ்ஓ அதே 1600, ஷட்டர் 1/30-லிருந்து 1/250. கேமரா அதேதான்.

லென்ஸில் விஆர் அல்லது ஐஎஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும். மேடையில் ஆடுபவரை நிறுத்தி வைக்க அதனால் ஆகாது. ட்ரைபாடும் அப்படியே. கை நடுக்கத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: ஷட்டர் எண் குவியத்தூரத்துக்குக் குறையக் கூடாது. உங்கள் சென்சார் ஃபிலிம் அளவைவிடச் சின்னது என்பதால் ஒன்றரை மடங்கு சேர்த்து, 55-க்கு 1/80 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஃப்ளாஷும் வேண்டாம். கேமராவின் தலையில் எழும் சின்ன ஃப்ளாஷ், ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6-இல் இரண்டு மீட்டர்வரைதான் எட்டும். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் இன்னும் கொஞ்சம் போகும். எட்டாவது வரிசையில் இருந்து அடித்தால் முதலில் வெளுப்பது முன்னால் இருப்பவரின் தலை. ஆடுகிறவர்களுக்கும் எரிச்சல்.

பக்கத்து இருக்கைக்காரரின் ஃபோன் எப்படி ஜெயித்தது? அதன் லென்ஸும் எஃப் 1.8 என்று சொல்லிக்கொள்ளும், ஆனால் துளையின் விட்டம் பெரும்பாலும் மூன்று மி.மீ.க்குப் பக்கத்தில்தான் இருக்கும். வெளிச்சம் சேர்ப்பதில் உங்கள் கிட் லென்ஸே அதைத் தோற்கடிக்கும். ஃபோன் ஈடுகட்டுவது கணக்கில். நீங்கள் ஒருமுறை தட்டினால் அது வேகவேகமாகப் பல படம் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, புள்ளிகளைத் துடைத்து, நிழலைத் தூக்கி, நிறத்தைக் கூட்டி ஒரே படமாகக் கொடுக்கிறது. அந்தப் படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். முகத்தில் மாவு பூசினது மாதிரி இருக்கும், நெற்றிச்சுட்டியின் கற்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருக்கும். வாட்ஸ்அப்புக்கு அது தாராளமாகப் போதும். பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டப் போதாது.

ஆட்டோ தடுமாறும் இன்னோர் இடம், வெளிச்சத்தை அளப்பது. கேமராவுக்கு வெள்ளை வேட்டியும் தெரியாது, கறுப்புத் திரையும் தெரியாது. எதைக் காட்டினாலும் மொத்தத்தில் நடுத்தரச் சாம்பலாக வரவேண்டும் என்ற கணக்கில் எக்ஸ்போஷரை அமைக்கும். படம் முழுக்க வெள்ளை வேட்டி என்றால் அதைச் சாம்பலாக்கிவிடும். உங்கள் மேடை நேர் எதிர். பின்னால் கறுப்புத் திரை, நடுவில் ஸ்பாட் லைட்டில் மகள். பெரும்பகுதி கறுப்பாக இருப்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். திரை சாம்பலாகும், முகம் வெளுத்து ‘பர்ன்’ ஆகிவிடும். பர்ன் ஆன இடத்தில் எந்த மென்பொருளாலும் எதையும் மீட்க முடியாது, அங்கே தகவலே இல்லை. கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டன் ஒன்று இருக்கும். முழு ஆட்டோவில் அது பெரும்பாலும் வேலை செய்யாது, ‘ஏ’ அல்லது ‘ஏவி’யில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு மைனஸ் 1 வரை இறக்குங்கள். மேனுவல் கற்றுக்கொள்வதைவிட இந்த ஒரு பட்டனைப் பழகுவது முதலில் பலன் தரும் என்பது என் கட்சி. இதில் ஒரு லாபமும் இருக்கிறது: ஒரு ஸ்டாப் இறக்கினால் அந்த அளவு வேகமான ஷட்டர் இலவசமாகக் கிடைக்கும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம். சென்சாருக்குத் தனியாக நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். அதன்மேல் பச்சை, சிவப்பு, நீலம் எனப் பொடிப்பொடி வடிகட்டிகளை ஒட்டியிருக்கிறார்கள். பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் என்பவர் வகுத்த ஏற்பாடு, 1976-இல் காப்புரிமை பெற்றது. ஒவ்வொரு புள்ளியிலும் இல்லாத மற்ற இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கேமரா ஊகித்துக்கொள்கிறது. விளக்கு மஞ்சளா நீலமா என்பதையும் அது ஊகிக்கிறது, அதுதான் ஒயிட் பேலன்ஸ். சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா ஃபைலில் எடுத்தால் இந்த ஊகத்தை வீட்டில் உட்கார்ந்து மாற்றலாம். கேமராவே பதப்படுத்திக் கொடுக்கும் ஜேபெக் என்றால் ஓரளவுதான் முடியும். மேடையில் வெறும் நீல எல்இடியை மட்டும் போட்டுவிட்டால் ராவும் கைவிடும். சிவப்புப் புடவையிலிருந்து திரும்பிவர அங்கே சிவப்பு வெளிச்சமே இல்லை, புடவை கறுப்பாகத்தான் விழும். அந்த மாதிரி விளக்கு வரும்போது பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு நாட்டியத்தை ரசியுங்கள்.

அடுத்த நிகழ்ச்சிக்கு இருக்கும் லென்ஸோடு போவதானால் இப்படிச் செய்யலாம். மோடு டயலை நிக்கானில் ‘எஸ்’, கேனானில் ‘டிவி’யில் வைத்து ஷட்டரை 1/200 கொடுங்கள். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, அதன் உச்ச வரம்பை மெனுவில் 6400-க்கு ஏற்றுங்கள். புள்ளி விழும், விழட்டும். புள்ளி விழுந்த படத்தைத் தேற்றலாம், கரைந்த கையைத் தேற்ற வழியில்லை. படம் மொத்தமாகவே இருட்டாக வந்தால் லென்ஸின் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அப்போது 1/125 வரை இறங்கலாம், அல்லது வரிசைகளைத் தாண்டி முன்னால் போய், ஜூமைக் குறைத்து, அகலமான துளையைப் பயன்படுத்தலாம். ட்யூப்லைட் போட்ட அரங்கில் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வந்தால் பயப்படாதீர்கள். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்கு விநாடிக்கு நூறு முறை துடிக்கிறது, வேகமான ஷட்டர் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு துடிப்பில் மாட்டுகிறது. 1/100-க்கு வந்தால் சரியாகிவிடும்.

ஃபோகஸுக்கு நடுப் புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து, பட்டனைப் பாதி அழுத்தி, முகத்திலோ ஜரிகைக் கரையிலோ வையுங்கள். கேமரா ஃபோகஸ் செய்வது வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோடுகளை வைத்துத்தான். வெறும் கறுப்புத் திரையைக் காட்டினால் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். பின்திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் எடுக்காமல் வியூஃபைண்டரில் கண்ணை வைத்து எடுங்கள். பழைய டிஎஸ்எல்ஆர்களில் ஃபோகஸுக்கென்று கீழே தனி சென்சார் இருக்கிறது, கண்ணாடி இறங்கியிருந்தால்தான் அது வேலை செய்யும்.

அப்புறம் மகளின் நடனத்தை வீட்டில் இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். தீர்மானம் என்று சொல்லும் முடிப்புக் கோவை முடியும் இடத்தில் அவள் ஒரு கணம் அசையாமல் நிற்பாள். தாவினால் உச்சியில் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் ஒரு நொடித்துண்டு இருக்கும். அங்கே 1/125 கூடப் போதும். சபாக்களில் நல்ல படம் எடுப்பவர்கள் பலருக்கு அடுத்த அடவு என்னவென்று முன்கூட்டியே தெரியும். தாளம் வந்து விழும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே விரல் அழுந்தியிருக்கும்.

காசு செலவழிப்பதானால் கேமராவை மாற்றாமல் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். இருப்பதிலேயே விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று, ஜூம் கிடையாது. நிக்கானின் டி3000, டி5000 வரிசை என்றால் ‘ஏஎஃப்-எஸ்’ என்று எழுதியதைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய ‘ஏஎஃப்-டி’ லென்ஸை ஓட்டும் மோட்டார் அந்தக் கேமராக்களுக்குள் இல்லை, கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டிவரும். எஃப் 2-இல் எடுக்கும்போது தெளிவாக விழும் ஆழம் குறையும் என்பதும் நினைவிருக்கட்டும்: எட்டு மீட்டரில் சுமார் இரண்டு மீட்டர் ஆழம் கிடைக்கும், கவலையில்லை. மேக்கப் அறையில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் 13 செ.மீ.தான், இரண்டு வரிசையாக நிற்கும் பிள்ளைகளில் ஒரு வரிசை மங்கிவிடும். அங்கே எஃப் 5.6-க்குப் போய்விடுங்கள், அல்லது எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்கச் சொல்லுங்கள்.

பழைய லென்ஸாக வாங்கினால் இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து ஃபோன் டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். தூசி நாலு இருந்தால் ஒன்றுமில்லை. சிலந்திவலை மாதிரி நூல் நூலாகப் படர்ந்திருந்தால் அது ஃபங்கஸ், கடற்கரை ஊர்களில் சர்வ சாதாரணம். விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். இப்போது இருக்கும் கிட் லென்ஸையும் அப்படியே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கேமராவைத் துணிப்பையில் சுற்றி பீரோவில் வைக்கிற வழக்கம் இருந்தால், மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு மாற்றி வையுங்கள்.